மூளைப் பயிற்சி பேக்கேஜ் 38,000 ரூபாய், வாங்கலாமா? பையனுக்கு எட்டு வயசு

கருங்கல் அம்மா | ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை வாசிச்சிட்டு மட்டும்தான் போவேன், இப்பதான் எழுதுகேன்.

எனக்க பையன் மூணாம் கிளாஸ். மேல் கழுவிட்டு வாடான்னு அனுப்புவேன். கொடியில கிடக்கிற தோர்த்தை எடுக்கத்தான் முற்றத்துக்குப் போவான். பத்து நிமிஷம் கழிச்சுப் போய்ப் பாத்தா தோர்த்து கொடியிலயே கிடக்கும், அவன் குத்தவெச்சு இருந்து எறும்பு வரிசையைப் பாத்துட்டு இருப்பான். நான் கத்தினா, "எதுக்கும்மா இங்க வந்தேன்?"னு என்னையே கேப்பான். நடிப்பு ஒண்ணுமில்ல, உண்மையிலேயே அவனுக்கு ஓர்மை இல்ல.

ஸ்கூல் டைரி பூரா சிவப்பு மைதான். கணக்கு நோட்டுல ரெண்டு கணக்கு சரியா இருக்கும், மூணாவது பாதியில நிக்கும். வாரத்துக்கு நாலு பென்சில். ஆனா போனைக் குடுத்தா ரெண்டு மணிக்கூர் அசையமாட்டான். அதனாலதான் எல்லாரும் "திமிரு"ன்னு சொல்லுகாவ.

போன வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு ஆள் லேப்டாப்போட வந்தாரு. பிள்ளை தலையில பட்டை மாதிரி ஒண்ணை மாட்டி, ஸ்கிரீன்ல பச்சை, சிவப்பு, மஞ்சள்னு காட்டினாரு. சிவப்பா இருக்கிற இடத்துல மூளை தூங்குதாம். ஆறு மாசம் வீட்டிலேயே கேம் மாதிரி பயிற்சி செஞ்சா பச்சையாயிடுமாம். 38,000 ரூபாய். இந்த மாசமே கட்டினா 5,000 குறைவு. அவனுக்க அப்பா மஸ்கட்டுல இருந்து "வாங்கிரு, பைசா அனுப்புகேன்"னு சொல்லிட்டாரு. மாமியார் "இவனுக்க அப்பனும் சின்னதுல இப்படித்தான் இருந்தான், சும்மா விடு"ன்னு சொல்லுகாவ. எனக்கு ஒண்ணும் விளங்கல்ல. யாராவது வாங்கி இருக்கியளா?


ஷீட்டுப்புரை | ஞாயிறு, இரவு 10:15

அக்கா, கட்டாதீங்க. கொஞ்சம் பொறுத்து யோசியுங்க. நான் கட்டி அனுபவிச்சவன். குலசேகரம் பக்கம் நமக்கு ரப்பர்தான் பிழைப்பு. மழை பெய்ஞ்சு வெட்டு இல்லாத ஒரு மாசத்துல கடன் வாங்கிக் கட்டினேன். நான் கட்டினது வேற கம்பெனி, ஆனா சங்கதி ஒண்ணுதான். மூணாவது கட்டத்துல வந்த பொம்மையும் இப்ப வந்த பொம்மையும் ஒண்ணா, எந்தக் கட்டம் மின்னிச்சு, அதே வரிசையில தொடு, அந்த மாதிரி கேம்.

எனக்க மகளுக்கு ஒன்பது வயசு. அஞ்சு வாரத்துல அந்த கேமுல ராணி ஆயிட்டா. நான் நாலு கட்டத்துலயே தோத்துப்போவேன், அவ ஏழு கட்டம் வரைக்கும் போவா. கம்பெனிக்காரன் போன் போட்டு "பாத்தீங்களா ஸார், 60 சதவீதம் முன்னேற்றம்"னு சொன்னான். அன்னைக்கு காலையில அவ புத்தகப் பையை வீட்டு நடையிலேயே வெச்சிட்டு பஸ் ஏறிப் போயிருந்தா. நான் பையைத் தூக்கிட்டு பைக்குல பொறத்தால போயிட்டு இருக்கேன். போன் வந்தது அப்பதான்.

கேம் விளையாடப் படிச்சா. பை எடுக்கப் படிக்கல. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்.


தோஹா | திங்கள், காலை 6:05

ஷீட்டுப்புரை அண்ணன் ஒரே வரியில சொல்லிட்டார். ஆராய்ச்சிக்காரங்க இதுக்கு வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டாங்க. எனக்க மருமகனுக்காக (அக்கா பையன், திங்கள்நகர்) இதெல்லாம் தோண்டிப் படிச்சேன். தெரிஞ்சதை எழுதுறேன்.

இந்த வகைக் கேமுக்கெல்லாம் முன்னோடி சுவீடனில் வந்த காக்மெட். டோர்கெல் கிளிங்பெர்க் என்கிற மூளை ஆராய்ச்சியாளரோட வேலை. ஒரு சங்கதியைக் கொஞ்ச நேரம் மனசுல பிடிச்சு வெச்சுக்கிட்டே வேலை செய்யிற திறனைத்தான் அது பழக்குது. உங்க பையன் தோர்த்தை மறந்து எறும்புகிட்ட போறானே, அந்த இடத்துல நழுவுறது அதுதான். 25 நாள் பயிற்சி, அஞ்சு வாரம். 2005ல் அவங்க வெளியிட்ட ஆய்வுல பிள்ளைங்க பயிற்சி செய்யாத நினைவுச் சோதனையிலும் நல்லா செஞ்சாங்க. பெற்றோரும் மாற்றம் தெரியுதுன்னு சொன்னாங்க. ஆனா டீச்சர்கள் போட்ட மதிப்பெண்ணில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க.

2013ல் மெல்பி-லெர்வாக், ஹ்யூம் ரெண்டு பேரும் அதுவரை வந்த ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தாங்க. பழகின கேம் மாதிரியே இருக்கிற சோதனையில பிள்ளைங்க முன்னேறுறாங்க. கணக்கு, வாசிப்புன்னு வேற வேலைக்கு அது தாவுறதில்லை. 2015ல் கார்ட்டீஸ் குழு கவனக்குறைவுள்ள பிள்ளைங்களை மட்டும் எடுத்துப் பார்த்தது. பிள்ளை பயிற்சி செய்யுதுன்னு தெரிஞ்சவங்க மார்க் போட்டா முன்னேற்றம் தெரியுது. தெரியாதவங்க மார்க் போட்டா அது பெரும்பாலும் கரைஞ்சு போகுது. 38,000 கட்டின அம்மாவுக்கு "கொஞ்சம் பரவாயில்லை"ன்னுதானே தோணும்? நானா இருந்தாலும் அப்படித்தான்.

அமெரிக்காவுல 2020 ஜூனில் எண்டெவர் ஆர்.எக்ஸ்.ங்கிற கேமுக்கு, 8 முதல் 12 வயசுப் பிள்ளைங்களுக்கு, அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வோட அனுமதியே கிடைச்சது. அதைக் காட்டி நம்ம ஊர் ஏஜென்ட்டும் பேசுவார். கம்ப்யூட்டர்ல செய்யிற கவனச் சோதனையில பிள்ளைங்க முன்னேறினது நிஜம். ஆனா பெற்றோர் மதிப்பீட்டில், அந்தக் கேம் ஆடின பிள்ளைகளும் வேற ஒரு சாதாரணக் கேம் ஆடின பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தாங்க. மூளைக்குப் பயிற்சின்னு விளம்பரம் செஞ்ச லூமோசிட்டி 2016ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. சொன்னதுக்கு ஆதாரம் இல்லைங்கிறதுதான் வழக்கு.

பச்சை சிவப்புப் படத்தைப் பத்தி ஒண்ணு. தலையில பட்டை மாட்டி அஞ்சு நிமிஷத்துல ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு) இருக்கு இல்லைன்னு யாராலும் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ அதைக் காட்டாது. பிள்ளை நடந்துக்கிற விதத்தைக் கேட்டுத் தெரிஞ்சுதான் டாக்டரே முடிவுக்கு வருவார்.


தக்கலை பஸ்ஸ்டாண்டு | திங்கள், காலை 8:30

இதெல்லாம் வெள்ளைக்காரன் மாத்திரை விக்கக் கண்டுபிடிச்ச வியாதி. நம்ம காலத்துல இப்படி ஒண்ணு இருந்துதா? சாரு கையில கம்பு இருந்துது, கவனம் தன்னால வந்துது.


தோஹா | திங்கள், காலை 8:52

அண்ணாச்சி, 1798லயே அலெக்சாண்டர் கிரைட்டன்ங்கிற ஸ்காட்லாந்து டாக்டர் இந்த மாதிரி கவனம் நிக்காதவங்களைப் பத்தி எழுதி வெச்சிருக்கார். மாத்திரை வந்தது அதுக்கு நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு. கம்பைப் பத்தி: உங்க கிளாஸுல கடைசி பெஞ்சுல இருந்து தினமும் அடி வாங்கினவங்க பேரை நினைச்சுப் பாருங்க. அவங்களுக்குக் கவனம் வந்துதா, இல்ல எட்டாங் கிளாஸோட நின்னுட்டாங்களா?


கட்டுமரம் | திங்கள், மதியம் 1:20

அந்தக் கடைசி பெஞ்சு நான்தான். குளச்சல். ஏழாங் கிளாஸுல நின்னேன்.

எனக்க மகனும் அப்படித்தான். வலையில கிழிசல் அடைக்க இருத்தினா ஒரு மணிக்கூர் குனிஞ்ச தலை நிமிராம செய்வான். ரெண்டு பக்கம் எழுதச் சொன்னா மூணு தடவை தண்ணி குடிக்கப் போவான். டீச்சர் "வேணும்னே செய்யுகான்"னு சொல்லுது. எனக்க அப்பன் கடல்ல, மலையையும் கோயில் கோபுரத்தையும் கணியம் வெச்சு, தண்ணிக்கு அடியில பாரு (பாறைத் திட்டு) எங்க கிடக்குன்னு கரெக்டா வள்ளத்தை நிறுத்துவாரு. அவருக்கு ஆறாம் வாய்ப்பாடு சாவுற வரைக்கும் தெரியாது. ஓர்மை இல்லாத ஆளுன்னு அவரைச் சொல்ல முடியுமா?

வேற ஒரு சந்தேகம். எங்க வீட்டுல ஆசான் ஒருத்தருகிட்ட கூட்டிட்டுப் போகணும்னு சொல்லுகாவ. தலையில ரெண்டு வர்மம் இளக்கி, ஒரு லேகியம் குடுப்பாராம். செய்யலாமா?


ஸ்பெஷல் டீச்சர் | திங்கள், இரவு 9:10

நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. இந்த மாவட்டத்திலேயே மலையோரப் பள்ளி, கடற்கரைப் பள்ளி இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுமரம் அண்ணன் சொன்ன வலை விஷயமும், கருங்கல் அக்கா சொன்ன போன் விஷயமும் ஒன்றுதான். இந்தப் பிள்ளைகளுக்குக் கவனமே இல்லை என்பது தப்பு. வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் கஷ்டம். கையில் வேலை இருந்து, பலன் உடனே கண்ணுக்குத் தெரிந்தால் கவனம் தானாக நிற்கும். போன் நொடிக்கு நொடி பலன் தருகிறது. பன்னிரண்டு கணக்கு போட்டால் என்ன கிடைக்கும்? நாளைக்கு டீச்சர் டிக் போடுவார். அந்த நாளை இந்தப் பிள்ளைக்கு ரொம்ப தூரம். ஆகவே "போன் மட்டும் பார்க்கிறான், அப்போ திமிர்தான்" என்று சொல்பவர்களை விட்டுத் தள்ளுங்கள்.

அக்கா, எந்தப் பயிற்சிக்கும் முன்னால் பிள்ளையின் காதையும் கண்ணையும் பாருங்கள். சளி கட்டி நடுக்காதில் நீர் நிற்கிற பிள்ளையைக் "கவனமில்லை" என்று இரண்டு வருஷம் திட்டிய வீட்டை நான் பார்த்திருக்கிறேன். கரும்பலகை தெரியாத பிள்ளை ஜன்னலைத்தான் பார்க்கும். குறட்டை விடுகிறானா, வாயால் மூச்சு விடுகிறானா என்று கவனியுங்கள். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி அப்படியே நின்று, கூப்பிட்டாலும் தொட்டாலும் உணராமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால், அது வலிப்பின் ஒரு வகையாகவும் இருக்கலாம். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் அடுத்த கேள்வி. கவனக்குறைவுக்கு ஒன்பது அடையாளம், துறுதுறுப்புக்கு ஒன்பது அடையாளம் என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒன்றில் ஆறாவது இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடத்தில் தெரிய வேண்டும். அதனால்தான் டீச்சரிடமும் ஒரு பாரம் எழுதி வாங்கச் சொல்வார்கள். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் குழந்தைகள் ஓ.பி.யில் தொடங்குங்கள், அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அரசுப் பள்ளிக்கு வருகிற ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) டாக்டர்களிடமும் சொல்லலாம். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் ஏ.டி.ஹெச்.டி.யும் உண்டு. நேரில் போகும் முன்பு யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

மாமியார் சொன்னதைத் தட்டிவிடாதீர்கள். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இதில் 70 முதல் 80 விழுக்காடு வரை பரம்பரையின் பங்கு என்று வந்திருக்கிறது. "அப்பனும் இப்படித்தான்" என்பதை டாக்டரிடமும் சொல்லுங்கள்.

கட்டுமரம் அண்ணா, எண்ணெய் தேய்த்துத் தடவுவது பிள்ளைக்குச் சுகமாக இருந்தால் இருக்கட்டும். ஆனால் அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத லேகியமோ பொடியோ வேண்டவே வேண்டாம். சில மருந்துகளில் ஈயம் சேர்ந்திருப்பது உண்டு. ஈயமே பிள்ளைகளின் கவனத்தைக் கெடுக்கக் கூடியது. சித்த, ஆயுர்வேத மருந்துதான் வேண்டும் என்றால் பதிவு பெற்ற மருத்துவரிடம் போங்கள், கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியே இருக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம் என்பதை நாளைக்கு எழுதுகிறேன். இப்போது கண் சொக்குகிறது.


ரிட்டயர்டு ஸார் | செவ்வாய், காலை 5:50

முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. மக்களே, நம் முன்னோர் மூளைப் பயிற்சியை முற்றத்திலேயே வைத்திருந்தார்கள். பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி, கிளித்தட்டு, சிலம்பம். பல்லாங்குழியில் எந்தக் குழியில் எடுத்தால் எந்தக் குழியில் முடியும் என்று கணக்கிட வேண்டும். இதைவிட என்ன மென்பொருள் வேண்டும்? 38,000 ரூபாய்க்குப் பதில் ஒரு பலகையும் கைப்பிடி குன்றிமணியும் போதும்.


தோஹா | செவ்வாய், காலை 7:15

ஸார், மரியாதையோடு ஒரு மறுப்பு. கேம் விளையாடினா கேம்தான் வரும்னு ஆப்புக்குச் சொன்னோம். அதே நியாயம் பல்லாங்குழிக்கும் உண்டுதானே? பல்லாங்குழியில கெட்டிக்காரனானா பல்லாங்குழியில கெட்டிக்காரன். நம்ம பாட்டி விளையாடினதுங்கிறதுக்காக அது கணக்கு நோட்டுக்குத் தாவிடாது. பிள்ளைங்க விளையாடட்டும், நல்லது. ஆனா அதையும் "மூளைப் பயிற்சி"ன்னு பேர் வெச்சு ஒரு மணி நேரம் கட்டாயமா இருத்தினா, அதுவும் ஒரு டியூசனாப் போயிடும். அப்புறம் குன்றிமணி விஷம் ஸார், சின்னப் பிள்ளைங்க கையில வேண்டாம்.


ரிட்டயர்டு ஸார் | செவ்வாய், காலை 7:40

குன்றிமணி விஷயத்தில் நீ சொல்வது சரி, புளியங்கொட்டை என்று திருத்திக்கொள்கிறேன். மற்றதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி: பல்லாங்குழிக்கு எதிரே ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பாள். தன் முறை வரும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டும், தோற்றால் தாங்க வேண்டும். ஆப்புக்கு எதிரே யார் உட்காருகிறார்கள்?


தோஹா | செவ்வாய், காலை 7:44

அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை ஸார்.


ஸ்பெஷல் டீச்சர் | செவ்வாய், இரவு 8:30

விட்ட இடத்திலிருந்து.

ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு தோராயக் கணக்கு சொல்வார். தன்னைத் தானே நடத்திக்கொள்கிற திறனில் இந்தப் பிள்ளைகள் வயதுக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு பின்தங்கி இருப்பார்கள் என்று. அக்கா, உங்கள் பையனுக்கு அறிவு எட்டு வயசுக்கு உரியதுதான், கூடவும் இருக்கலாம். ஆனால் "போய்க் குளித்து, உடுப்பு மாற்றி, பையை எடுத்து வை" என்பதை நடத்தி முடிக்கிற திறன் ஐந்தரை, ஆறு வயசுப் பிள்ளையுடையது. ஆறு வயசுப் பிள்ளைக்கு மூன்று வேலையை ஒரே மூச்சில் சொல்வோமா?

தலைக்குள் நிற்காததைத் தலைக்கு வெளியே நிறுத்த வேண்டும். நான் வீடுகளில் சொல்வது இவ்வளவுதான். மேல் கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தோர்த்து, சோப்பு, வாளி, நிக்கர் என்று நாலு படம். எழுத்து வேண்டாம், அவனையே வரையச் சொல்லுங்கள். அதைக் குளிமுறி வாசலில், அவன் கண் உயரத்தில் ஒட்டுங்கள். அடுக்களையில் இருந்து கத்தக் கூடாது. பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். "என்ன சொன்னேன்?" என்று கேளுங்கள், அவன் வாயால் திரும்பச் சொல்லட்டும். "அடுத்தது என்ன?" என்று கேட்டுப் படத்தைக் காட்டுங்கள். நீங்கள் பதில் சொல்லிவிட்டால் அவனுக்குப் பழகாது.

செய்து முடித்தவுடன், அந்த நிமிஷமே ஒரு புளியங்கொட்டை பாட்டிலில் விழ வேண்டும். ஸார் கவனிக்க, புளியங்கொட்டைக்கு வேலை கிடைத்துவிட்டது. பத்துக் கொட்டைக்கு என்ன என்று முன்பே பேசி வையுங்கள். பைசா வேண்டாம். கடற்கரைக்கு ஒரு நடை, அல்லது இரவு அவன் விருப்பப்படி புட்டுக்குப் பதில் தோசை, அவ்வளவு போதும். ஒரு முறை விழுந்த கொட்டையைக் கோபத்தில் திரும்ப எடுக்கவே கூடாது. பெரும்பாலான வீடுகளில் இந்த ஏற்பாடு உடைவது அந்த இடத்தில்தான். அம்மாவுக்குக் கோபம் வந்ததும் பாட்டில் காலியாகிவிடும், பிள்ளை பிறகு அதை நம்பாது.

வீட்டுப்பாடத்துக்குப் பத்து நிமிஷம் டைமர், பிறகு மூன்று நிமிஷம் எழுந்து ஓட்டம். பன்னிரண்டு கணக்கு இருந்தால் மூன்று மூன்றாக மடித்துக் காட்டுங்கள், மீதியை மூடி வையுங்கள். டிவி ஓடுகிற அறை வேண்டாம். பள்ளி விட்டு வந்ததும் பிடித்து உட்கார வைக்காதீர்கள், முக்கால் மணி நேரம் வெளியே ஆடட்டும். கிளித்தட்டோ சிலம்பமோ, உடம்பு அசைகிற எதுவானாலும் கூடுதல் நன்மை.

பள்ளியில் ஜன்னலில் இருந்து தள்ளி முன் பெஞ்சு கேளுங்கள். டைரியில் சிவப்பு மைக்குப் பதிலாக ஒரே ஒரு வரி, "இன்று மூன்றாவது கணக்கு வரை முடித்தானா" என்று மட்டும் டீச்சர் டிக் போட்டால் போதும். பெரும்பாலான டீச்சர்கள் ஒத்துக்கொள்வார்கள், கேட்கிற விதத்தில் கேட்டால்.

இதற்குப் பெயர் பெற்றோர் பயிற்சி. பயிற்சி பிள்ளைக்கு என்று நினைத்து வருவார்கள், பாதிக்கு மேல் நமக்குத்தான். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் தொடங்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டி. பெரிய பிள்ளைக்கு மாத்திரை வேண்டி வந்தாலும் இது கூடவே போகும்.


ஷீட்டுப்புரை | செவ்வாய், இரவு 9:05

டீச்சர், மாத்திரை குடுத்தா பிள்ளை மந்தமாயிடும், அடிமையாயிடும்னு சொல்லுகாவளே? எங்களுக்கு டாக்டர் எழுதித் தந்த சீட்டு ஒரு வருஷமா பீரோவுல கிடக்கு.


ஸ்பெஷல் டீச்சர் | செவ்வாய், இரவு 9:30

நான் டாக்டர் இல்லை, ஆகவே கேள்வியை மட்டும் தெளிவாக்கித் தருகிறேன். 1999ல் வெளியான, ஏ.டி.ஹெச்.டி. சிகிச்சை முறைகளை ஒப்பிட்ட எம்.டி.ஏ. என்ற அமெரிக்க ஆய்வில் 579 பிள்ளைகளை நாலு குழுவாகப் பிரித்து 14 மாதம் பார்த்தார்கள். அடையாளங்கள் குறைந்ததில், நடத்தைப் பயிற்சி மட்டும் பெற்ற குழுவைவிட, மாத்திரையைக் கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த குழு முன்னால் நின்றது. ஆகவே மாத்திரையே கூடாது என்று சொல்ல மாட்டேன். பசி குறையலாம், தூக்கம் தள்ளலாம், எடையும் உயரமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தால் அளவோ மருந்தோ சரியில்லை என்று அர்த்தம், டாக்டரிடம் சொன்னால் மாற்றுவார். பீரோவில் கிடக்கிற சீட்டுக்கு ஒரு வருஷமாகிவிட்டது, அதை வைத்துக் கடையில் வாங்காதீர்கள். பிள்ளையைத் திரும்பக் காட்டி, உங்கள் பயத்தை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.


தக்கலை பஸ்ஸ்டாண்டு | செவ்வாய், இரவு 10:00

மிட்டாய், சீனி நிப்பாட்டினா பாதி சேட்டை போயிடும்னு நான் நினைக்கேன். இதையாவது ஒத்துக்குவியளா?


தோஹா | செவ்வாய், இரவு 10:08

பல்லுக்கு நல்லது அண்ணாச்சி. சேட்டைக்கும் சீனிக்கும் சம்பந்தம் இருக்கான்னு சோதிச்ச ஆய்வுகளை எல்லாம் 1995ல் ஒண்ணு சேர்த்துப் பார்த்தாச்சு. சீனி தின்ன பிள்ளையும் இனிப்புச் சுவை மட்டும் உள்ளதைத் தின்ன பிள்ளையும் ஒரே மாதிரிதான் நடந்துக்கிட்டாங்க. கல்யாண வீட்டுல பிள்ளைங்க குதிக்கிறது பாயசத்தால இல்ல, கல்யாண வீடுங்கிறதால.


கருங்கல் அம்மா | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:15

மறந்துட்டேன்னு நினைச்சிருப்பீங்க. இல்ல. நடந்ததைச் சொல்லுகேன்.

38,000 கட்டல. அந்த ஆள் நாலு தடவை போன் போட்டாரு. கடைசியில "உங்க பிள்ளை எதிர்காலம் உங்க கையில"ன்னு சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி எனக்கு உறக்கம் இல்ல, பொய் சொல்லமாட்டேன்.

ஆசாரிபள்ளம் மூணு தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் போயிடும், மாமியார்தான் கூட வந்தாவ. காதும் கண்ணும் குறையில்ல. ஸ்கூலுக்கு ஒரு பாரம், எனக்கு ஒரு பாரம். துறுதுறுப்பு இல்லாத, கவனம் மட்டும் நழுவுற வகைன்னு டாக்டர் சொன்னாவ. மூணு மாசம் வீட்டுலயும் ஸ்கூல்லயும் செய்யிறதைச் செய்யுங்க, பொறவு மாத்திரை வேணுமான்னு பாக்கலாம்னு சொல்லியிருக்காவ.

படம் ஒட்டினது மேல் கழுவுறதுக்குப் பலிச்சிருக்கு. முதல் வாரம் புளியங்கொட்டைக்காக ஒரு நாளைக்கு ரெண்டு தடவை குளிச்சான். இப்ப நான் "அடுத்தது என்ன"ன்னு ஒரு தடவை கேட்டா போதும். சில நாள் அதுவும் வேண்டாம்.

வீட்டுப்பாடம் சரியாவே வரல. டைமர் டிக் டிக்னு அடிச்சா அவனுக்குப் பதட்டம், அதையேதான் பாத்துட்டு இருக்கான். மூணாவது வாரம் காய்ச்சல், மழை, லீவு, எல்லாம் குலைஞ்சு போச்சு. அந்த வாரம் ஒரு நாள் நானும் கோபத்துல பாட்டிலைக் கவுத்துட்டேன். டீச்சர் சொன்னது ஓர்மை வந்தது, ஆனா கை முந்திடுச்சு. பொறவு எண்ணித் திரும்பப் போட்டேன். பதினாலு இருந்ததுன்னு அவனே சொன்னான். எது மறந்தாலும் அது மட்டும் மறக்கல.

அவனுக்க அப்பாகிட்ட வீடியோ கால்ல அந்தப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. "எனக்கும் இங்க ரூம்ல இப்படி ஒண்ணு ஒட்டணும்"னு சொன்னாரு. ரூம் சாவியை இந்த மாசம் ரெண்டு தடவை உள்ளே வெச்சுப் பூட்டிட்டாராம்.


ஸ்பெஷல் டீச்சர் | ஞாயிறு, இரவு 9:50

அக்கா, சத்தம் போடாத டைமர் பாருங்கள், மணல் கடிகாரம் மாதிரி. அதுவும் சரிப்படவில்லை என்றால் நேரத்தையே விட்டுவிடுங்கள். மூன்று கணக்கு முடிந்தால் ஓட்டம் என்று வேலையால் அளங்கள். எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் பொருந்தாது. மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போகும்போது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று இங்கே எழுதியதையே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவர்களுக்கு அது ரொம்ப உதவும். கணக்கிலும் எழுத்திலும் மட்டும் தனியாகத் தடுமாறுகிறான் என்றால் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், இரண்டும் சேர்ந்து வருவது சகஜம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு. தேர்வில் கூடுதல் நேரம் கேட்க அந்தச் சான்றிதழ் பின்னால் பயன்படும்.


கட்டுமரம் | ஞாயிறு, இரவு 10:20

நான் மகனுக்கு வலை அடைக்கிற இடத்துலயே பலகை போட்டு வாய்ப்பாடு எழுத வெச்சிருக்கேன். நாலு கண்ணி அடைச்சா ஒரு வரி. அவன் வாத்தியாருக்கு இது தெரிஞ்சா என்ன சொல்லுவாரோ. ஆனா எழுதுகான்.


ஷீட்டுப்புரை | திங்கள், காலை 6:30

அக்கா, அந்தப் படம் எந்தக் காகிதத்துல? எங்க வீட்டுல குளிமுறி வெளிய ஓலைச் சார்ப்பு, ரெண்டு நாள்ல நனைஞ்சு தொங்குது.


கருங்கல் அம்மா | திங்கள், காலை 9:00

பழைய கலியாணக் கார்டுக்க பொறத்தால வரையச் சொல்லுங்க. மேல பூரா செல்லோடேப் ஒட்டினா தண்ணி ஏறாது. ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. நாலு படம்தான் நான் ஒட்டினேன். போன வாரம் பாத்தா அஞ்சாவதா ஒரு படம் இருக்கு, அவனே வரைஞ்சு ஒட்டியிருக்கான். நிக்கருக்குப் பொறவு ஒரு எறும்பு.